தீரர் சத்தியமூர்த்தி: மேடையும் திரையும் கேள்வி நேரமும்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலரில், தமிழ்நாட்டிற்குத் தொண்டாற்றிய பெருமக்களுள் ஒருவரது வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். பிழைப்பைத் தேடிக் கடலோரம் வந்து, மட்டாஞ்சேரியின் மிளகு வாசனைக்கும் மலையாள மொழிக்கும் நடுவே குடித்தனம் நடத்தும் நம் காலனிக் குடும்பங்களுக்கு, குறிப்பாக இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்குச் செல்லும் நம் குழந்தைகளுக்கு, இத்தகைய வரலாறுகள் தாய்வீட்டுச் சீதனம் போன்றவை. இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்துக் காலங்கழிக்கும் நாம் புலவருமல்லோம், சரித்திர ஆராய்ச்சியாளருமல்லோம். எனினும், படித்தும் கேட்டும் அறிந்தவற்றை எளிய முறையில் எடுத்துரைக்க முன்வந்துள்ளோம்.

இவ்வாண்டு நாம் எழுதப் புகுவது தீரர் எஸ். சத்தியமூர்த்தியைப் பற்றியது. அவர் விடுதலைப் போராட்ட வீரர் என்பதும், சிறந்த பேச்சாளர் என்பதும், காமராஜரின் அரசியல் குரு என்பதும் பலரும் அறிந்தவை. ஆனால், அரசாங்கமும் மக்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவந்த காலத்தில், அம்மாறுதலைத் தமிழ்நாட்டுத் தலைவர்களுள் முன்னதாகவே கண்டுகொண்டவர் அவர் என்பதை அவ்வளவு பேர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்தையே இங்கு விரித்துரைக்க விரும்புகிறோம்.

நாம் வாழும் இவ்வூருக்கும் இப்பொருளுக்கும் ஓர் உறவுண்டு. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழெழுத்தில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டே, 1579இல், நமது கொச்சியில் மற்றொரு தமிழ் நூல் அச்சேறியது. சென்னைப் பட்டணம் தோன்றுவதற்கு அறுபது ஆண்டுகள் முன்னரே கொச்சியில் தமிழ் அச்சு இருந்தது என்பது நம்மவர் பெருமைப்படத்தக்க செய்தி. ஓலையில் ஒருவர் எழுதி ஒருவர் படித்த காலம் போய், ஒன்றையே நூறு பேர் படிக்கும் காலம் அன்று பிறந்தது. அதுமுதல், புதிய சாதனம் ஒன்று தோன்றும்போதெல்லாம் அரசாள்வோர் அதைக் கண்டு அஞ்சுவதும், பிறகு சட்டமிட்டு அடக்குவதும், முடிவில் தாமே அதைக் கைக்கொள்வதும் வழக்கமாகிவிட்டன. சத்தியமூர்த்தியின் வாழ்க்கை இந்த மூன்று படிகளையும் நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

இளமையும் கல்வியும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில், 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் சத்தியமூர்த்தி பிறந்தார். தந்தையார் சுந்தர சாஸ்திரி வக்கீல். சத்தியமூர்த்தி சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பின்னர்ச் சட்டக் கல்லூரியிலும் பயின்று, தாமும் வக்கீலானார். ஆயினும், அவர் மனம் வழக்கு மன்றத்தைவிடப் பொதுமேடையையே அதிகம் நாடியது. ஆங்கிலத்திலும் தமிழிலும் தங்குதடையின்றிப் பேசும் ஆற்றல் அவருக்கு இயல்பாக வாய்த்திருந்தது. 1919ஆம் ஆண்டு, அரசியல் சீர்திருத்த மசோதாவைப் பற்றிப் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக் குழுவினரிடம் எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற காங்கிரஸ் தூதுக்குழுவில் அவரும் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டே.

அவருக்குப் பொதுமேடையைப் போலவே நாடகமேடையிலும் தீராத காதல் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தோற்றுவித்த சுகுண விலாச சபையில் அவர் உறுப்பினராயிருந்தார். மனோகரா நாடகத்தில் வேடமும் தரித்தார். அச்சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுபோக்காக நடித்தார்கள். ஆகையால் அதில் இழிவு ஒன்றும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. ஆனால், நாடகத்தையே தொழிலாகக் கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களைக் கூத்தாடிகள் என்று இகழ்ந்து ஒதுக்கியது அன்றைய சமூகம். கற்றவர் நடித்தால் கலை, மற்றவர் நடித்தால் கூத்து என்னும் இந்தப் பாகுபாட்டைச் சத்தியமூர்த்தி ஏற்கவில்லை. தொழில்முறை நடிகர்களைத் தேடிச் சென்று நட்புக் கொண்டார். அரசியலில் அவர் பின்னாளில் ஈட்டிய வெற்றிகள் சிலவற்றுக்கு இந்நட்பே வித்தாயிற்று.

நாடகமேடையும் சர்க்காரும்

அக்காலத்தில் பத்திரிகைகள் பல வெளிவந்துகொண்டிருந்தன. ஆயினும், எழுத்தறிந்தவர் தொகை மிகக் குறைவு. கிராமத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, பலர் சூழ்ந்திருந்து கேட்பதே வழக்கம். படிப்பறியாதார் நெஞ்சில் நேரே சென்று பதியத்தக்க சாதனம் நாடகமே. அதனை வெள்ளைக்காரச் சர்க்கார் நன்கறிந்திருந்தது. 1876ஆம் ஆண்டிலேயே நாடகத் தடைச் சட்டம் ஒன்றை இயற்றி, தனக்குப் பிடிக்காத நாடகங்களை நிறுத்தும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டது. இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கும் சட்டம் வந்தது அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1878இல்தான். பத்திரிகைக்கு முன்னரே நாடகத்திற்கு வேலி போடப்பட்டது என்றால், ஆள்வோர் எதற்கு அதிகம் அஞ்சினர் என்பது விளங்கும்.

இவ்விடத்தில், நமது தொழிலுக்குரிய ஒரு செய்தியையும் சொல்ல விரும்புகிறோம். அந்நாளில் ஸ்பெஷல் நாடகம் என்றொரு முறை தோன்றிற்று. ஒரே கம்பெனியில் அடங்கியிராமல், ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து கூடி, ஒரே இரவில் நாடகம் நடத்திவிட்டுப் பிரிந்து செல்வார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடமாதலின் ஒத்திகை வேண்டுவதில்லை. இரயில் வண்டி ஊர்களை இணைத்ததால்தான் இம்முறை செழித்தது. பாட்டும் அதே வண்டியில் ஏறிப் பயணம் செய்தது. மதுரையில் இன்று பாடப்பட்ட ஒரு தேசியப் பாட்டு, சில நாட்களில் திருநெல்வேலியிலும் திருச்சியிலும் கேட்கும். நாடகத்தை நிறுத்தச் சட்டம் இருந்தது. நாடகத்தின் இடையே, கதைக்குத் தொடர்பின்றி, திடீரென்று எழும் பாட்டை எவ்வாறு முன்னதாகத் தடுப்பது?

தியாகி விசுவநாததாஸ் இவ்வகையில் ஈடிணையற்றவர். வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து, தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டுவதாகச் சொல்லி, வெள்ளையரை ஓட்டும் பாட்டைப் பாடுவார். பறவை என்றால் யார் என்பது கொட்டகையிலிருந்த அனைவருக்கும் தெரியும். காவலுக்கு வந்திருந்த போலீசாருக்கும் தெரியும். பலமுறை சிறை சென்ற அப்பெரியவர், 1940ஆம் ஆண்டின் இறுதியில், சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலிருக்கும்போதே உயிர்நீத்தார். இத்தகைய பாடல்களை எழுதிக் குவித்தவர் மதுரை மதுரகவி பாஸ்கரதாஸ். அவை கிராமபோன் இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன. பாடியவரைச் சிறையிலடைத்தாலும் தட்டு பாடிக்கொண்டிருந்தது. ஒரு குரலை அது பிறந்த உடலினின்றும் பிரித்து ஊரெங்கும் அனுப்பலாம் என்பதைத் தமிழர் கண்டது அப்பொழுதுதான். சர்க்காருக்கு இது புதிய தலைவலியாயிற்று.

சத்தியமூர்த்தி இவற்றையெல்லாம் கூர்ந்து நோக்கினார். தலைவர்கள் பலர் நாடகக்காரர்களை அருகே விடத் தயங்கியபோது, அவர் அவர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்துவந்து, தமக்குச் சமமாக அமர்த்தினார். பொதுக்கூட்டத்தில் தலைவர் பேசுமுன் பாடகர் ஒருவர் பாடுவது அந்நாளில் வழக்கமாகிப் பரவியது. பாட்டுக்கு வந்தவர்கள் பேச்சுக்கும் இருந்தார்கள்.

பாரதி பாடல்களுக்காக நடந்த போர்

1923ஆம் ஆண்டு சத்தியமூர்த்தி சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். அங்கு அவர் ஆற்றிய செயல்களுள் தலையாயது 1928இல் நிகழ்ந்தது. அதனை நம்மைப் போன்ற வெளியூர்த் தமிழர்கள் சிறப்பாக நினைவில் வைக்க வேண்டும்.

பாரதியார் 1921இல் மறைந்தபின், அவருடைய சுதேச கீதங்கள் நூலாக வெளிவந்து பரவின. கடல் கடந்து பிழைக்கச் சென்ற தமிழர் பலர் வாழ்ந்த பர்மாவிலும் அவை படிக்கப்பட்டன. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. அந்த மாகாணத்துச் சர்க்கார் 1928இல் அப்பாடல்களுக்குத் தடை விதித்தது. ஒரு மாகாணத்தில் விதித்த தடை மற்ற மாகாணங்களிலும் செல்லும் என்பது சட்டம். உடனே சென்னைப் போலீசார் நூற்பிரதிகளைத் தேடிப் பறிமுதல் செய்தார்கள். தமிழன் கவிதையைத் தமிழ்நாட்டிலேயே படிக்கலாகாது என்னும் நிலை ஏற்பட்டது.

அக்டோபர் மாதம் இவ்விஷயத்தைச் சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுப்பினார். வெறும் கண்டனத்தோடு நிற்கவில்லை. தடைபட்ட பாடல்களையே சபையில் எடுத்துரைத்து, இவற்றுள் எது குற்றம் என்று வினவினார். இதில் ஒரு நுட்பமுண்டு. வெளியில் பாடினால் வழக்கு வரும். சட்டசபையில் உறுப்பினர் பேசுவதற்கு வழக்கு இல்லை. அங்குப் பேசப்படுவன அனைத்தும் சபை நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். அக்குறிப்பை அச்சிடுவதோ சர்க்காரின் சொந்த அச்சகம். தந்தியும் பத்திரிகையும் அதே செய்தியை மறுநாள் காலையில் நாடெங்கும் கொண்டுசெல்லும். எந்தச் சர்க்கார் பாடலைப் பறித்ததோ, அதன் சபையையே பாடலுக்கு மேடையாக்கினார் தீரர். சபையும் அவர் பக்கமே வாக்களித்தது. பின்னர்த் தடையும் நீங்கியது.

அப்பாடல்களின் பிற்கால வரலாறும் இதனோடு தொடர்புடையதே. இசைத்தட்டிலும் படத்திலும் அவற்றைப் பயன்படுத்தும் உரிமை தனியாரிடம் விலைக்குப் போயிருந்தது. 1947இல் வெளிவந்த நாம் இருவர் படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் வீடுதோறும் ஒலித்தன. மகாகவியின் பாட்டு ஒருவரின் உடைமையாயிருத்தல் தகாது என்று கிளர்ச்சி எழவே, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் 1949இல் அவ்வுரிமையைப் பெற்றுப் பொதுவாக்கியது. இருபத்தோராண்டுகளுக்கு முன் பறிமுதல் செய்த அதே சென்னைச் சர்க்கார், இப்போது பாதுகாவலனாயிற்று. அதைக் காணச் சத்தியமூர்த்தி இருக்கவில்லை.

பேசும் படமும் மஞ்சள் பெட்டியும்

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் காளிதாஸ் என்னும் பேசும் படம் சென்னையில் திரையிடப்பட்டது. புராணக் காலத்துக் கதையானாலும், டி. பி. ராஜலட்சுமி அதில் தேசியப் பாட்டும் பாடினார். நாடகமேடையிலிருந்த பாஸ்கரதாஸின் பாட்டும் நடிகரும் அப்படியே திரைக்குக் குடிபெயர்ந்தனர். சர்க்காரும் சும்மாயிருக்கவில்லை. 1918ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டம் முன்னரே இருந்தது. சென்னையில் தணிக்கைப் பொறுப்பு போலீஸ் கமிஷனரைச் சார்ந்திருந்தது. கதர்க்குல்லாயோ இராட்டையோ திரையில் தோன்றினாலும் கத்தரிக்கோல் பாயும் காலம் அது.

படித்தவர்களுள் பெரும்பாலோர் சினிமாவைக் கண்டு முகஞ்சுளித்தார்கள். ராஜாஜியும் அதை விரும்பாதவரே. சத்தியமூர்த்தியோ, இருட்டிலமர்ந்து ஏழையும் செல்வரும் ஒரே காட்சியைக் காணும் இக்கருவி நாட்டின் வருங்காலத்தை மாற்றவல்லது என்று உணர்ந்தார். திரைப்பட விழாக்களுக்குச் சென்றார், கலைஞர்களைப் பாராட்டினார், தணிக்கையின் கடுமையை எதிர்த்தார். 1939இல் தோன்றிய தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபைக்கு அவரே முதல் தலைவரானார்.

கே. பி. சுந்தராம்பாளின் செய்தி தனியே சொல்லத்தக்கது. தம் கணவரும் ஒப்பற்ற பாடகருமான எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இளம் வயதிலேயே காலமானபின், அவ்வம்மையார் வெள்ளைக் கதருடுத்து மேடையைத் துறந்திருந்தார். மீண்டும் அவர் பொதுவாழ்வுக்கு வருவதற்குத் துணைநின்றவர்களுள் சத்தியமூர்த்தியும் ஒருவர். 1935இல் நந்தனார் படத்தில் நடிக்க அவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது நாடெங்கும் பேச்சாயிற்று. அத்தகைய புகழ்பெற்றவர், 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்று பாடினார்.

அந்தத் தேர்தலில் எல்லோருக்கும் வாக்குரிமை இல்லை. சொத்தும் படிப்பும் உள்ள ஒரு பகுதியினருக்கே இருந்தது. ஆயினும், முன்னைவிடப் பல மடங்கு பெருகிய வாக்காளருள் எழுத்தறியாதார் ஏராளம். ஆதலின் கட்சிகளுக்கு நிறம் பிரித்துப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. நீண்ட கொள்கை விளக்கங்கள் ஒரு நிறமாகச் சுருங்கின. நிறம் ஒரு பாட்டில் ஏறியது. பாட்டு ஒரு புகழ்பெற்ற குரலில் ஏறி ஊரைச் சுற்றியது. முடிவு வந்தபோது 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றியிருந்தது. 1936இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் தலைவராயிருந்து, காமராஜரைச் செயலாளராக அமர்த்திக்கொண்டு இந்த உழைப்பை நடத்தியவர் சத்தியமூர்த்தியே.

ஆனால், வெற்றியின் பயன் அவருக்குக் கிட்டவில்லை. பல்கலைக்கழகத் தொகுதியை அவர் விட்டுக்கொடுக்க, ராஜாஜி அதில் நின்று பிரதம மந்திரியானார். மந்திரி சபையில் சத்தியமூர்த்திக்கு இடமில்லை. அவர் மனம் நொந்திருக்கலாம். கட்சியை விட்டு விலகவில்லை. அம்மந்திரி சபையின் காலத்தில் தணிக்கை தளர்ந்தது. தேசியப் படங்கள் துணிந்து வெளிவந்தன. கல்கியின் கதையைக் கே. சுப்பிரமணியம் 1939இல் தியாகபூமி என்னும் படமாக்கினார். அவ்வாண்டு இறுதியில் மந்திரி சபை விலகியதும், வெள்ளையராட்சி அப்படத்திற்குத் தடை விதித்தது. சாதனம் ஒன்றேதான், ஆள்வோர் மாறினால் வாயில் திறக்கிறது, அல்லது மூடுகிறது.

டில்லியில் கேள்வி நேரம்

மக்களிடம் பேசும் சாதனங்களைப் பற்றியே இதுவரை சொன்னோம். மக்களுக்காகச் சர்க்காரைப் பேசவைப்பது வேறொரு கலை. அதிலும் சத்தியமூர்த்தி நிகரற்றவர். 1934ஆம் ஆண்டுத் தேர்தலில், ஏ. இராமசாமி முதலியாரைச் சென்னையில் வென்று மத்திய சட்டசபைக்குச் சென்ற அவர், அங்குக் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராக விளங்கினார்.

அச்சபையில் சர்க்காரை வீழ்த்தும் அதிகாரம் உறுப்பினர்களுக்கு இல்லை. தீர்மானம் நிறைவேறினாலும் வைசிராய் அதைப் பொருட்படுத்தவேண்டியதில்லை. ஆனால், கேள்வி நேரம் என்று ஒன்றிருந்தது. உறுப்பினர் கேட்டால் அதிகாரி எழுந்து நின்று பதில் சொல்லியாகவேண்டும். எழுத்தில் கொடுத்த கேள்விக்கு எழுதி வைத்த பதில் கிடைக்கும். அதன்மேல் எழும் துணைக்கேள்விக்கு எழுதி வைக்க முடியாது. சத்தியமூர்த்தியின் வல்லமை அத்துணைக்கேள்வியில் இருந்தது. கோப்புகளைப் படித்துத் தயாராகி வந்து, ஒன்றன்மேலொன்றாகத் தொடுப்பார். இங்கிலாந்திலிருந்து வந்த பெரிய உத்தியோகஸ்தர்களும் அவர் எழுந்தால் கலங்குவார்கள். அன்று மாலையே அவ்வுரையாடல் தந்திக் கம்பியில் ஏறும். மறுநாள் காலையில் பத்திரிகை படிப்போர் அனைவரும் அறிவர். சர்க்கார் மறைக்க நினைத்ததைச் சர்க்கார் வாயாலேயே வெளிக்கொணர்ந்த உபாயம் இது.

இதே காலத்தில் வானொலியும் வந்தது. சென்னை நகரசபை 1930ஆம் ஆண்டிலேயே ஒலிபரப்புத் தொடங்கியிருந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939இல் திருச்சி நிலையமும் திறக்கப்பட்டன. நாடகம், இசைத்தட்டு, சினிமா ஆகியவை தனியார் கையில் பிறந்தவை. சர்க்கார் பின்னால் வந்து வேலியிட்டது. வானொலியோ சர்க்கார் கையிலேயே வளர்ந்த பிள்ளை. அதில் சங்கீதம் கேட்கலாம். அரசியல் எதிர்ப்புக் கேட்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைக் கேட்பவன் திரும்பிக் கேள்வி கேட்க வழியில்லை. தேர்தலில் கட்சிகள் வானொலியில் பேச இடம்பெற்றது 1977ஆம் ஆண்டில்தான்.

1939-40இல் சத்தியமூர்த்தி சென்னை நகர மேயரானார். நகரின் குடிதண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்திற்குச் சர்க்காரின் சம்மதத்தை முயன்று பெற்றார். 1944இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடில்லை. இன்றும் அது சத்தியமூர்த்தி சாகர் என்றே வழங்குகிறது.

அவரது கொள்கைகள் யாவும் நமக்கு உடன்பாடென்று சொல்லமாட்டோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் முயன்றபோது, அதை எதிர்த்தவர்களுள் சத்தியமூர்த்தியும் ஒருவர். கலைஞர்களின் மதிப்பை உயர்த்திய அவர், அம்முறையில் சிக்கிய பெண்களின் துயரைக் காணத் தவறினார் என்றே நாம் கருதுகிறோம். பெரியோரின் வரலாற்றில் இதனையும் மறைக்காமல் சொல்வதே முறை.

கடைசிப் பயணம்

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்தது. தலைவர்கள் அனைவரும் சிறைப்பட்டார்கள். சத்தியமூர்த்தியும் கைதாகி, சென்னையிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஏற்கெனவே உடல் நலிந்திருந்த அவருக்கு, அப்பயணத்தில் முதுகுத்தண்டில் ஊறு ஏற்பட்டது. பின்னர்ச் சென்னைப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டும் பயனின்றி, 1943 மார்ச் 28ஆம் நாள் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. பல ஊர்களுக்கு இரயிலேறிச் சென்று பேசிய அப்பெருமகனின் உயிரை வாங்கியதும் ஒரு பயணமே என்பதை எண்ணும்போது, இரயில்வேயில் ஊழியம் செய்யும் நமக்கு நெஞ்சு கனக்கிறது.

அவர் மறைந்த அதே 1943ஆம் ஆண்டில், யுத்தப் பிரசாரத்திற்காகச் சர்க்கார் ஓர் ஆணையிட்டது. ஒவ்வொரு காட்சியிலும் சர்க்கார் ஒப்புதல் பெற்ற படம் 2,000 அடி நீளம் காட்டியாகவேண்டும் என்பது அவ்வாணை. அஞ்சுதல், அடக்குதல் என்னும் இரு படிகளும் கடந்து, தானே கைக்கொள்ளும் மூன்றாம் படிக்குச் சர்க்கார் வந்துவிட்டது. சுதந்திரத்திற்குப் பின்னும் 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் அமைந்து, படத்திற்கு முன் செய்திப்படம் காட்டும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. நம்மில் மூத்தவர்கள் வெள்ளத்தையும் அணைக்கட்டையும் மந்திரிகளையும் கறுப்பு வெள்ளையில் அவ்வாறு கண்டவர்களே.

அவருக்குப் பின்

1947 ஆகஸ்டு 15 அன்று, காமராஜர் தம் குருவின் இல்லத்திற்குச் சென்று தேசியக் கொடியை ஏற்றினார் என்பர். கே. பி. சுந்தராம்பாள் 1951இல் சென்னை மேல்சபை உறுப்பினரானார். ஆனால், சத்தியமூர்த்தியின் கட்சி, ஆட்சி கைக்கு வந்தபின் கலைஞர்களை அவர்போல் போற்றவில்லை. அந்த இடத்தை வேறு சிலர் நிரப்பினார்கள். அண்ணாதுரையின் வேலைக்காரி 1949இலும், கருணாநிதியின் வசனத்தில் பராசக்தி 1952இலும் வெளிவந்தன. 1967இல் அண்ணாதுரை முதலமைச்சரானார், 1977இல் எம். ஜி. ஆர். அப்பதவியை அடைந்தார். எக்கட்சி சிறந்தது என்று பேசுவது நம் நோக்கமன்று. சாதனம் யாருக்கும் பரம்பரைச் சொத்தன்று; அதைக் கையாள்வோரை மதிப்பவரிடம் அது செல்லும் என்பதையே குறிப்பிடுகிறோம்.

நாம் வாழும் கேரளத்திலும் இதுவே நிகழ்ந்தது. தோப்பில் பாசி எழுதிய நாடகத்தை 1952முதல் கே. பி. ஏ. சி. குழுவினர் ஊர்தோறும் நடத்தினார்கள். நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள் என்பது அதன் பெயரின் பொருள். 1957இல் கம்யூனிஸ்டு அரசாங்கம் அமைந்ததற்கு அந்நாடகமும் அதன் பாட்டுகளும் ஒரு காரணம் என்று மலையாள நண்பர்கள் இன்றும் சொல்லுவர்.

இன்றோ சாதனம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அமைச்சரின் செய்தி நேரே கைப்பேசிக்கு வருகிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது, கைப்பேசிச் செய்தியால் எத்தனையோ உயிர்கள் காப்பாற்றப்பட்டதை நாம் கண்டோம். அதே நாட்களில், முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய பொய்ச் செய்தியும் அதே கைப்பேசியில் பரவி, அரசாங்கம் அதை மறுக்க நேர்ந்தது. அணையின் நீர் தமிழ்நாட்டிற்கு, அணையின் அடிவாரம் கேரளத்திற்கு. இரு நாட்டுக்கும் உறவான நம் குடும்பங்களுக்கு அத்தகைய பொய் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மேலும், மலையாள எழுத்து அறியாத நம் வீட்டு முதியோர், அரசாங்க அறிவிப்பைப் பேரன் பேத்தி படித்துச் சொல்லியே அறிகிறார்கள். அந்தப் பிள்ளைகள் மெய்யையும் பொய்யையும் பகுத்தறிய வல்லவர்களாயிருத்தல் நம் குடும்பங்களின் நலத்திற்கு இன்றியமையாதது.

சத்தியமூர்த்தியின் வாழ்க்கை இதற்கு வழிகாட்டுகிறது. அவர் இரு கலைகளில் வல்லவராயிருந்தார். மக்களிடம் பேசுவது ஒன்று; அரசாள்வோரைக் கேட்பது மற்றொன்று. முதற்கலைக்குரிய கருவிகள் அச்சு, மேடை, இசைத்தட்டு, திரை, வானொலி, கைப்பேசி என்று பெருகிக்கொண்டே வருகின்றன. இரண்டாங்கலைக்குப் புதுக்கருவி வேண்டுவதில்லை. படித்துத் தயாராகி, அஞ்சாமல் எழுந்து நின்று, ஒரு பதிலோடு நின்றுவிடாமல் துணைக்கேள்வி கேட்கும் உள்ளம் போதும். வந்த செய்தி யார் அனுப்பியது, எதற்கு அனுப்பியது, மெய்தானா என்று கேட்பதும் கேள்வி நேரமே. வார்டு உறுப்பினரிடம் குடிதண்ணீரைப் பற்றிக் கேட்பதும் கேள்வி நேரமே.

நம் சங்கத்துப் பிள்ளைகள் ஆண்டு விழா மேடையில் நன்றாகப் பேசுகிறார்கள், பாடுகிறார்கள், நாடகமும் நடிக்கிறார்கள். அவை மேன்மேலும் வளர்க. அத்துடன் கேட்கவும் பழகுவார்களாக. திருமயத்தில் பிறந்த தீரருக்கு நாம் செலுத்தத்தக்க காணிக்கை அதுவேயாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!